கரடி இல்லாத நாட்டில் பாம்போடு வாழ்தல்: வெரிபீ வாழ் தமிழர் அறிந்திருக்க வேண்டியவை

அவுஸ்திரேலியாவில் கரடி இல்லை. கோலாவைப் பலரும் கோலாக் கரடி என்று சொன்னாலும் அது கரடி இனத்தைச் சேர்ந்ததல்ல. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் விலங்கு அது. கனடாவில் வாழும் எமது உறவினர்கள் காட்டுப் பக்கம் போகும்போது கரடிக்குப் பயந்து மிளகாய்த் தெளிப்பான் எடுத்துச் செல்கிறார்கள். அந்தக் கவலை எமக்கு இங்கு இல்லை.

ஆனால் கரடிக்கான விதி ஒன்று எமக்கும் பொருந்தும். வன்னிக் காடுகளில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடி நடமாட்டம் அதிகம். தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் போகிறவர்கள் தனியே போகாமல், கதைத்துக்கொண்டும் சத்தம் எழுப்பிக்கொண்டும் போவார்கள். கரடி மனிதனை இரையாகத் தேடி வருவதில்லை. அது தின்பதிலேயே கவனமாக இருக்கும்போது மனிதன் திடீரென்று மிக அருகில் வந்து நின்றால்தான் பாய்கிறது. ஆகவே எதிர்பாராத சந்திப்பைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. வெரிபீயில் இந்த விதியை நாம் பாம்புக்குப் பயன்படுத்த வேண்டும்.

மெல்பன் நகரின் தென்மேற்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ள வெரிபீயும் அதைச் சூழ்ந்த ரார்னீற், விண்டம் வேல், ஹொப்பர்ஸ் குறொஸிங், பொயின்ற் குக் ஆகிய பகுதிகளும் ஒரு காலத்தில் புல்வெளி. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கருங்கற் சமவெளி இது. கல்லிடுக்குகளும் வெயிலில் வெடித்த மண்ணும் பாம்புக்கு இயல்பான வீடு. நடுவே வெரிபீ ஆறு ஓடிக் கடலில் கலக்கிறது. ஆற்றங்கரையிலும் சதுப்பு நிலங்களிலும் தவளைகள் நிறைய உண்டு. வீடுகள் பெருகிய இடங்களில் எலிகள் உண்டு. இரையும் ஒளிவிடமும் இருக்குமிடத்தில் பாம்பும் இருக்கும். நாம் புதிய வீட்டுத்திட்டங்களில் குடிபுகுவதற்கு நெடுங்காலம் முன்பே அவை இங்கு வாழ்ந்தன.

இப்பகுதியில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நீர்நிலைகளை அண்டி வாழும் ரைகர் பாம்பு. மற்றது, வறண்ட புல்வெளியிலும் பண்ணை நிலங்களிலும் எலியைத் தேடித் திரியும் கிழக்குப் பழுப்புப் பாம்பு. இரண்டும் கடும் விஷமுள்ளவை. நிறத்தைப் பார்த்து இனங்காண முயல வேண்டாம். ரைகர் பாம்பின் உடலில் எப்போதும் வரிகள் தெரிவதில்லை. பழுப்புப் பாம்பின் குட்டிகளுக்கோ சில வேளைகளில் உடல் முழுவதும் வரிகள் இருக்கும். எனவே எந்தப் பாம்பையும் விஷப்பாம்பாகவே கருத வேண்டும்.

குளிர் காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் பாம்புகள் செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் வெளியே வரத் தொடங்கி ஏப்ரல் வரை நடமாடும். வசந்த காலத்தின் இளவெயிலில் நடைபாதையின் நடுவிலேயே சூடு காய்ந்து கிடக்கும். வெப்பமான இரவுகளிலும் வெளிவரும்.

எமது சமூகத்தில் அதிகம் ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாவும் அப்பாவும் காலையில் செருப்போடு ஆற்றங்கரைக்கு நடக்கப் போவார்கள். மாலையில் வீட்டுக் கொல்லையில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விடுவார்கள். சிலரிடம் இந்நாட்டுக் கைத்தொலைபேசி இலக்கம்கூட இருக்காது. ஆனால் பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பது பற்றி ஊரில் கற்ற உறுதியான அறிவு ஒன்று அவர்களிடம் இருக்கும். அந்த அறிவின் பெரும்பகுதி இங்கு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் முக்கிய செய்தி.

முதலில் கடிபடாமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

நடக்கும்போது தெளிவான பாதையிலேயே நடக்க வேண்டும். உயரமான புல்லுக்குள் இறங்கக் கூடாது. மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் அணிய வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டுவதற்கு முன் அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். நிலத்தின் அதிர்வைப் பாம்பு உணரும், ஆகையால் கால் பதித்து நடப்பது நல்லது. காதில் பாட்டுக் கேட்டபடி, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நடப்பதுதான் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும். பாம்போடு மல்லுக்கு நிற்கும் நாயைக் காப்பாற்றப் போய்க் கடிபடுபவர்களும் உண்டு.

பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கி, அதற்குப் போக வழி விட வேண்டும். படம் எடுக்க நெருங்கக் கூடாது. கல்லோ தடியோ எடுக்கவும் கூடாது. விக்டோரியா மாநிலத்தின் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாம்புகள் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். அவற்றைக் கொல்வது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, அடிக்கப் போகும்போதும் பிடிக்கப் போகும்போதும் கடிபடுகிறவர்கள் பலர். நயினாதீவில் நாகபூஷணி அம்மனை வணங்குகிற எமக்குப் பாம்பை விட்டு விலகி நிற்பது புதிய பண்பாடும் அல்ல. வீட்டுக்குள்ளோ வளவுக்குள்ளோ பாம்பு வந்துவிட்டால் பிள்ளைகளையும் செல்லப் பிராணிகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு, பாம்பின் மீது தூரத்திலிருந்து ஒரு கண் வைத்தபடி, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழைக்க வேண்டும்.

வளவைத் துப்புரவாக வைத்திருப்பதும் பாதுகாப்புத்தான். புல்லைக் கட்டையாக வெட்டுங்கள். பழைய தகரம், பலகை, விறகு, கல் என்பவற்றைக் குவித்து வைக்காதீர்கள். கோழி வளர்ப்போர் சிந்தும் தீனியும் மூடாத உணவுக் கழிவும் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். பூஞ்சாடியைத் தூக்கும்போதும் களை பிடுங்கும்போதும் தடித்த கையுறை அணியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடிபட்டால்?

ஊரில் நாம் கண்டதும் கேட்டதும் எமக்கு நினைவிருக்கும். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். பிளேட்டால் கீறி இரத்தத்தை வெளியேற்றுவார்கள். வாயால் உறிஞ்சுவார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுவார்கள். நச்சுக்கல் வைப்பார்கள். விஷகடி வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவை எமது ஊருக்கு மட்டும் உரிய பழக்கங்கள் அல்ல. அவுஸ்திரேலியாவிலும் கயிறு கட்டுவதும் கீறுவதும் நீண்ட காலம் முதலுதவியாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டன.

அதை மாற்றியது மெல்பனில் நடந்த ஆராய்ச்சி. 1916இல் தொடங்கப்பட்ட கொமன்வெல்த் சீரம் ஆய்வுகூடம் ரைகர் பாம்பின் விஷத்துக்கு மாற்று மருந்தை 1930இல் வெளியிட்டது. பழுப்புப் பாம்புக்கான மருந்து 1956இல் வந்தது. அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வைத்தியர் ஸ்ட்ருவன் சதர்லன்ட், மருந்து கிடைக்கும் வரை விஷம் உடலில் பரவாமல் தடுப்பது எப்படி என்று ஆராய்ந்தார். 1979இல் அவர் வெளியிட்ட முறைதான் அழுத்தக் கட்டு முறை. இன்று அவுஸ்திரேலியா முழுவதும் பாம்புக்கடிக்கான முதலுதவி அதுவே.

இம்முறையின் அடிப்படை எளிது. கடித்த விஷத்தின் பெரும்பகுதி நேராக இரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்குக் கீழே தங்கி, நிணநீர்க் குழாய்கள் வழியாக மெல்ல நகர்கிறது. இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பது போல நிணநீரைத் தள்ள ஓர் உறுப்பு இல்லை. தசைகள் அசையும்போது அது விரைவாக நகர்கிறது. எனவே தோலை அழுத்தி அக்குழாய்களை மூடி, உறுப்பை அசையாமல் வைத்தால் விஷம் கடித்த இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். கடிபட்டவர் எழுந்து ஓடினால், தன் கால்களாலேயே விஷத்தை உடலுக்குள் தள்ளுகிறார் என்று பொருள்.

செய்ய வேண்டியவை இவை. கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து விலக்கி, அங்கேயே படுக்க வையுங்கள். உடனே 000 இலக்கத்தை அழையுங்கள். 10 முதல் 15 சென்ரிமீற்றர் அகலமான, இழுபடும் கட்டுத்துணியைக் கடித்த இடத்தின் மேல் முதலில் சுற்றுங்கள். பிறகு இன்னொரு துணியை விரல்களிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, கால் அல்லது கை முழுவதும் சுற்றுங்கள். கட்டுக்கும் தோலுக்கும் இடையே விரலை இலகுவில் நுழைக்க முடியாத அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். ஆனால் இரத்த ஓட்டம் நிற்கக் கூடாது. காற்சட்டையைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே சுற்றலாம். கடித்த இடம் எது என்பதைக் கட்டின் மேல் பேனாவால் குறியுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். தடியோ சுருட்டிய பத்திரிகையோ வைத்து உறுப்பு மடங்காதபடி கட்டுங்கள். கட்டுத்துணி இல்லையென்றால் துவாய், சேலை, கிழித்த ரீசேர்ட் எதுவும் உதவும். வைத்தியசாலையில் மருந்து ஆயத்தமாகும் வரை அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது.

கடிவாயைக் கழுவவும் கூடாது. தோலில் எஞ்சியிருக்கும் விஷம் எந்த வகைப் பாம்பு என்பதைக் கண்டறிய உதவக் கூடும். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. கடிபட்டவர் நினைவிழந்து மூச்சு நின்றுவிட்டால் கட்டைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். பழுப்புப் பாம்பின் கடியில் சிலர் சில நிமிடங்களிலேயே மயங்கி விழுவதுண்டு.

"வலிக்கவில்லை, வீங்கவும் இல்லை, சின்னக் கீறல்தான்" என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பழுப்புப் பாம்பின் பற்கள் மிகக் குறுகியவை. கடித்த தடம் தெரியாமலே போகலாம். ஆனால் அதன் விஷம் இரத்தம் உறையும் தன்மையை அழித்துவிடும். தலையிடி, வாந்தி, வயிற்று வலி, முரசில் இரத்தக் கசிவு என்பன பிறகுதான் தோன்றும். பல கடிகளில் விஷம் இறங்காமலும் இருக்கலாம், ஆனால் அதை இரத்தப் பரிசோதனையால் மட்டுமே உறுதி செய்ய முடியும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். 000ஐ அழைத்து "அம்புலன்ஸ்" என்று சொன்னபின் "ரமில்" என்று மொழியின் பெயரைச் சொல்லி, தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். எமர்ஜென்சி பிளஸ் என்ற இலவசச் செயலி, நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆற்றங்கரையில் வீதிப் பெயர் சொல்ல முடியாத இடத்தில் அது உதவும். அம்புலன்ஸ் செலவை மெடிகெயர் ஏற்பதில்லை என்பதால் பலர் அழைக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் கடிபட்ட பிறகு அல்ல, இன்றே தீர்த்துக்கொள்ள வேண்டும். அம்புலன்ஸ் அங்கத்துவம் பற்றியும், வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் காப்புறுதி பற்றியும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். இங்கு கற்றதை ஊரில் அப்படியே செய்யக் கூடாது. அவுஸ்திரேலியாவில் விரியன் இனப் பாம்புகள் இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் கடித்த இடத்தையே வீங்கவும் அழுகவும் செய்யும். அங்கே அழுத்திக் கட்டினால் அந்தச் சேதம் கூடலாம் என்பதால் விரியன் கடிக்கு இக்கட்டு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், தாமதிக்காமல், அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே அங்கு வழி.

அவுஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு பேர் அளவில் இறக்கிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இங்குள்ள பாம்புகள் சாதுவானவை என்பதல்ல இதன் பொருள். மக்கள் தொகை, வயல் வேலை, பாம்பினம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் சரியான முதலுதவியும் விரைவான சிகிச்சையும் இங்கு எளிதில் கிடைப்பது அந்த வேறுபாட்டில் பெரும் பங்கு வகிக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு எமக்கு இல்லை.

மருந்துக் கடைகளில் பாம்புக்கடிக் கட்டுத்துணி கிடைக்கும். இழுத்தால் சரியான இறுக்கத்தைக் காட்டும் சதுர அடையாளம் இட்டவையும் உண்டு. இரண்டு வாங்கி ஒன்றை வாகனத்திலும் ஒன்றை நடைப்பையிலும் வையுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டிலுள்ள எல்லோரும் ஒருவர் காலில் மற்றவர் கட்டிப் பழகுங்கள். பத்து நிமிடம் போதும். அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் கட்டத் தெரிந்த பிறகு அவர்கள் ஆற்றங்கரைக்குப் போகட்டும், செருப்பை வீட்டில் விட்டுச் சப்பாத்தோடு.