அம்பாவும் வலியும்

பெரிய வலையைக் கரைக்கு இழுக்க இருபது, முப்பது பேர் வேண்டும். படகு போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். இரண்டு முனைக் கயிறுகளையும் மணலில் நின்று இரண்டு அணிகள் பற்றிக்கொள்ளும். ஒருவர் முன்னடி பாடுவார். மற்றவர்கள் பின்னடி பாடிக்கொண்டே குதிகாலை ஊன்றி இழுப்பார்கள். சோழமண்டலக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் இந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் மீனவக் குப்பங்கள், இந்தத் தமிழ்க் கரையின் வடகோடி.

களைப்புத் தெரியாமலிருக்கப் பாடுவது என்று அம்பாவுக்குப் பொதுவாக விளக்கம் சொல்வார்கள். சரிதான். ஆனால் இழுக்கிற எடை குறையவில்லை, கயிறு கையை அறுப்பதும் நிற்கவில்லை. பிறகு களைப்பு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபின் டன்பரும் சக ஆய்வாளர்களும் 12 துடுப்பு வீரர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2010இல் அச்சானது. துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் 45 நிமிடம். ஒருமுறை தனியாக, இன்னொருமுறை குழுவாக ஒரே கதியில். செலவான உழைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முடிந்ததும் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி இறுக்கி, எதுவரை வலி பொறுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வலியைத் தணிக்க மூளை சுரக்கும் எண்டார்ஃபினை இரத்தத்தில் அளந்து அறிவது கடினம். அதனால்தான் இந்தச் சுற்றுவழி. குழுவாகத் துடுப்புப் போட்ட நாளில் வலி பொறுக்கும் அளவு தெளிவாக உயர்ந்திருந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் பலர் ஒரே தாளத்தில் அசைந்தால் உடம்பு தன் வலிமருந்தைக் கூடுதலாகச் சுரக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

அம்பாவில் இதனோடு மூச்சும் சேர்கிறது. பாரத்தை இழுக்கும்போது நாம் இயல்பாக மூச்சை அடக்குகிறோம். இரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது. வாய்விட்டுப் பாடுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும், உள்ளிழுக்கும்போது விரையும். சுவீடனின் கோதன்பர்க்கில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் 2013இல் காட்டியது இதன் அடுத்த படி: சேர்ந்து பாடுபவர்களின் மூச்சு ஒன்றுபடுகிறது, அதைத் தொடர்ந்து இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபடுகிறது. கயிற்றை இழுக்கும் அணிக்குள்ளும் அதுவே நடக்கும் என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை.

2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகும் இன்ஜினும் இந்தக் கரையில் பெருகின. ஈழத்தில் பல இடங்களில் கரைவலையை இழுக்க டிராக்டர் வந்தது. முதுகும் தோளும் தப்பியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இன்ஜின் இரைச்சலில் யாரும் பின்னடி பாடுவதில்லை. வேலையோடு சேர்ந்து மருந்தும் போய்விட்டது. அந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இப்படிக் கணக்கில் வராதது பாட்டு மட்டுமல்ல. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவு குறித்து 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் பாட்டோடு கைவினைக்கும் இடமுண்டு. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவதை நாம் வருமானமாக மட்டுமே பார்க்கிறோம். கூடி உட்கார்ந்து கை ஓயாமல் முடையும் அந்த நேரம் அவர்கள் மனதுக்கு என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அம்பாவைப் பொறுத்தவரை, கையால் வலை இழுக்கும் கரைகள் இருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். ஒரு நாள் பாடி இழுக்கட்டும், மறுநாள் பாடாமல் இழுக்கட்டும். ஓர் இரத்த அழுத்தப் பட்டையும் கைக்கடிகாரமும் போதும்.