கட்டைவிரல்தான் பிரேக்!

'என்ன டாக்டர், மூலிகையை விட்டுட்டு மீன் பிடிக்கக் கிளம்பிட்டீங்களா?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

ரிட்டயரான பிறகு இங்கிலாந்தில் உள்ள பிள்ளைகளோடு ஆறு மாசம் தங்கப் போகிறவர்கள், அங்கே ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார ஆசைப்படலாம். நல்ல காற்று, மனசுக்கு அமைதி. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தாராளமாகப் போங்கள். ஆனால் கையில் 'சென்டர்பின்' ரீல் கிடைத்தால், முதலில் இதைப் படியுங்கள்.

நாட்டிங்காமில் ட்ரென்ட் ஆற்றில் மீன் பிடித்தவர்கள் 19-ம் நூற்றாண்டில் மரத்திலேயே இந்த ரீலைச் செய்தார்கள். இப்போது அலுமினியத்தில் வருகிறது. நடுவில் ஓர் அச்சு, அதன்மேல் ஒரு சக்கரம், அவ்வளவுதான். பல்சக்கரம் கிடையாது. 4 அங்குலச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் சுமார் ஓர் அடிதான் உள்ளே வரும். தக்கையை நீரோட்டம் இழுக்க, சக்கரம் தானே சுழன்று நரம்பை விடும். (உடம்பு நரம்பு இல்லைங்க, நைலான் நரம்பு!) அதை அடக்கும் பிரேக் உங்கள் கட்டைவிரல். விளிம்பைப் பூப்போலத் தொட்டாலே போதும்.

நரம்பு சுற்றும் முறை

சுற்றியது சரியில்லை என்றால் கஷ்டப்படுவது விரல்தான். இறுக்கிச் சுற்றினால் நைலான் நீண்டு, மேல்சுற்று கீழ்சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். தக்கை போகும்போது சக்கரம் வெடுக்கென்று நிற்கும். ரொம்பத் தளர்வாகச் சுற்றினாலோ, நரம்பு நழுவிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் அச்சில் சிக்கிக்கொள்ளும்.

நரம்புக் கட்டைக்குள் ஒரு பென்சிலைச் செருகி, வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஈரத் துணியால் நரம்பை லேசாகப் பிடித்தபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திச் சமமாகச் சுற்றுங்கள். 100 கஜம் தாராளம். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம்.

கை ஜாக்கிரதை

பெரிய மீன் ஓடும்போது கைப்பிடி வேகமாகச் சுழலும், விரல் முட்டியைப் பதம் பார்த்துவிடும். கைப்பிடியைப் பிடிக்கப் பாயாதீர்கள். கட்டைவிரலால் விளிம்பை மெல்ல அமர்த்துங்கள். கல்லில் முள் மாட்டிக்கொண்டால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். முள் ஆழமாகக் குத்தினால் மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர்கள் பார்க்கட்டும்.

விரல் பிடித்துக்கொண்டதா? வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி நீவிவிடுங்கள், இதமாக இருக்கும்.

பல்லால் கடிக்காதீர்கள்!

தக்கைக்குக் கீழே நரம்பில் கடித்து இறுக்கும் சின்னக் குண்டுகள்தான் எனக்குப் பெரிய கவலை. ஈயக் குண்டுகளை விழுங்கிய அன்னப்பறவைகள் விஷமேறிச் செத்ததால், 1987-ல் இங்கிலாந்தில் பெரும்பாலான ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. ஆனாலும் கடுகளவு ஈயக் குண்டுகள் அனுமதியில் இருக்கின்றன. பழைய பெட்டிகளிலும் ஈயம் கிடக்கும். எங்கள் சாஸ்திரத்தில் காரீயத்தைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. நீங்கள் அதைப் பச்சையாகப் பல்லில் வைக்கலாமா? குழந்தைகளுக்கு ஈயம் மூளையையே பாதிக்கும். சின்ன இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் உங்கள் கையையும் பேரன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பாடு அப்புறம்தான்!