உங்களுக்குத் தெரியுமா? – அரசியின் அருகில் இருந்த பெண்கள்

● மணலூர்பேட்டையிலிருந்து தென்பெண்ணைக் கரையோடு கிழக்கே போனால் திருக்கோவலூர். மலையமான்கள் ஆண்ட மிலாட்டின் தலைநகர். ராஜராஜ சோழனைப் பெற்ற வானவன்மாதேவி இந்த மலையமான் குலத்தில் பிறந்தவர். கணவர் சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு அவரும் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. நம் பக்கத்துப் பெண் அரசியாகப் போன அந்தச் சோழர் அரண்மனையில் அரசியருக்குப் பணிவிடை செய்தவர்கள் யார்? அவர்களைப் பற்றியும் கல்வெட்டுகள் பேசுகின்றன. நாம்தான் அதிகம் படிப்பதில்லை.

● தலைவியின் தோழி என்பவள் செவிலித்தாயின் மகள் என்கிறது தொல்காப்பியம். தாய் வளர்க்க, மகள் துணையிருக்க, ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறை அந்த வீட்டுப் பெண்ணுக்காக வாழ்ந்திருக்கிறது.

● தீக்கனாக் கண்ட பாண்டிமாதேவி அதைச் சொல்ல அரசவைக்கு வரும் காட்சி சிலப்பதிகாரத்தில் உண்டு. உடன் வருகிற பெண்களை இளங்கோவடிகள் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். ஒருத்தி கையில் கண்ணாடி, ஒருத்தி கையில் நகை. புத்தாடை, பட்டு, வெற்றிலைச் செப்பு, வண்ணக்குழம்பு, சுண்ணப்பொடி, கஸ்தூரிச் சாந்து, மாலை, கவரி, தூபம் என்று ஆளுக்கொரு பொருள். நரை கலந்த கூந்தலோடு வாழ்த்துச் சொல்லி வரும் முதிய பெண்களையும் அவர் விட்டுவிடவில்லை.

● சோழர் காலத்தில் அரண்மனைப் பணிப்பெண்கள் இருந்த குடியிருப்புக்கு வேளம் என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நகரின் புறம்படியில் இருந்த வேளங்களைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. பஞ்சவன்மாதேவியார் வேளம் என அரசியின் பெயரிலேயே ஒன்று. நீராட்டும் பணிக்கென்று தேர்ந்தெடுத்தவர்களுக்கு உய்யக்கொண்டான் தெரிந்த திருமஞ்சனத்தார் வேளம். ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுத்த. வந்தவர் போனவரெல்லாம் அரச குடும்பத்தை நெருங்கிவிட முடியாது. நீராட்டக்கூட ஆள் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

வேளத்துப் பெண்கள் கையில் சொத்தும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்திலேயே கீழை வேளத்துப் பெண்கள் கோயில்களுக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவது அன்றைய வழக்கம். ஒரு பணிப்பெண் அவ்வளவு ஆடுகளைத் தானம் தர முடிந்திருக்கிறது, அதைத் தன் பெயராலேயே கல்லில் வெட்டவும் முடிந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்ணுக்குச் சொந்தமாக எதுவும் இருந்ததில்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும்.

● இதற்கு இன்னொரு முகமும் உண்டு. போரில் பிடிபட்ட பெண்களையும் வேளத்தில்தான் சேர்த்தார்கள். பாண்டியனை வென்று அவன் தேவியை வேளம் ஏற்றியதை மூன்றாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி பெருமையாகப் பாடுகிறது. நேற்றுவரை தனக்கு நூறு பேர் பணி செய்ய இருந்த ஒருத்தி, வென்றவன் வீட்டில் ஏவலுக்கு நிற்கிறாள். அரச குலத்துப் பணிப்பெண் என்று சொல்லும்போது இந்தக் கொடுமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

● ராஜராஜனின் தேவி ஒலோகமாதேவி திருவையாற்றில் தன் பெயரால் ஒரு கோயில் கட்டினார். அவருடைய அதிகாரியாகப் பணி செய்தவர் எருதன் குஞ்சரமல்லி என்ற பெண். கல்வெட்டு அவரை ‘அதிகாரிச்சி’ என்கிறது.

● கொங்குவேளிரின் பெருங்கதையில் மானனீகை என்றொரு பெண். கோசல மன்னன் மகள். போரில் சிறைப்பட்டு, குலத்தை மறைத்து, வாசவதத்தைக்கு ஒப்பனை செய்யும் வண்ணமகளாகச் சேர்கிறாள். அரசன் உதயணனுக்கு அவள்மேல் மனம் போகிறது. தேவியின் நெற்றியிலேயே யவன எழுத்தில் சேதி எழுதி அனுப்புகிறான். ஒப்பனை செய்யும்போது மானனீகை அதைப் படித்து அழித்துவிட்டு, அதே நெற்றியில் பதில் எழுதுகிறாள். அந்த எழுத்துத் தெரியாத வாசவதத்தை இருவருக்கும் ஓலையாகிறாள்! விஷயம் வெளிப்பட்டதும் மானனீகையின் கூந்தலை அறுக்கத் துணிகிறாள் தேவி. அதற்குள் கோசலத்து ஓலை வந்து, அவள் தன் சிற்றன்னை மகள், தங்கை முறை என்று தெரிகிறது. உ.வே.சா. 1924-இல் பதிப்பித்த நூல் இது.

● தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்ற 1010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜப்பானில் பேரரசி ஷோஷியின் பணிப்பெண்ணாக இருந்த முராசாகி ஷிகிபு ‘கெஞ்சியின் கதை’யை எழுதிக்கொண்டிருந்தார். உலகின் முதல் நாவல் என்று பலரும் கொண்டாடுவது அதைத்தான்.

● விஜயநகர அரண்மனையின் உள்ளே ஆகும் செலவுக் கணக்கை எழுதியவர்கள் பெண்களே என்று 1530-களில் அங்கிருந்த போர்த்துகீசியர் நூனிஸ் குறித்துவைத்திருக்கிறார். மல்யுத்தம் செய்யும் பெண்கள், சோதிடம் பார்க்கும் பெண்கள் எல்லாரும் அந்த அரண்மனையில் இருந்தார்களாம்.

● இங்கிலாந்தில் அரசி கமிலா 2022-இல் பழைய தோழியர் பதவியைக் கைவிட்டார். அதற்குப் பதிலாக ‘அரசியின் துணையாளர்’ என்று ஆறு பேரை அமர்த்தினார்.

● கடைசியாக, நாம் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் ஒன்று. முதலாம் ராஜேந்திரனின் அணுக்கியார் பரவை நங்கை. பட்டத்தரசி அல்லர், அரசனுக்கு மிக நெருக்கமானவர். திருவாரூர் தியாகராசர் கோயிலைக் கற்றளியாக்கிப் பொன் வேய்ந்தவர் அவர்தான். அரசனும் அவரும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விக்கிரவாண்டி அருகே உள்ள பனையபுரத்துக்கும் பரவைபுரம் என்று அவர் பெயரே வழங்கியது. அந்த ஊர்ப் பனங்காட்டீசர் கோயிலுக்குச் சாலை விரிவாக்கத்தால் ஆபத்து வந்தபோது மக்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் அங்கே இறங்கிப் பாருங்கள். கல்வெட்டு எழுத்தின்மேல் எண்ணெயோ விபூதியோ பூச வேண்டாம்.