முள்வேலிக்குட் கற்ற வலிமை

1942 ஆம் ஆண்டு பெப்ருவரி 19 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட 9066 ஆம் இலக்க ஆணை, பசுபிக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வழித்தோன்றல்களைத் தத்தம் வீடுகளினின்றும் வெளியேற்றி, உள்நாட்டிலே அமைக்கப்பட்ட தடுப்பு முகாம்களிற் கொண்டுபோய் அடைப்பதற்கு வழிசெய்தது. அவ்வாறு அடைக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 120,000. அவருள் மூன்றில் இருபங்கினர் பிறப்பினாலேயே அமெரிக்கக் குடிகளாவர். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. சாக்கிரமென்ரோ நகரிலே பழங்களைத் தகரத்தில் அடைக்குந் தொழிற்சாலையில் உழைத்துவந்த ஒரு தம்பதியரும் தம் மக்களோடு அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டனர். அம்மக்களுள் ஒருவன் பதினொரு வயதுச் சிறுவன். பிறந்த நாள்தொட்டு ஆஸ்துமா நோயால் வருந்தி, பள்ளிக்கும் ஒழுங்காகச் செல்லவியலாது மெலிந்து கிடந்தவன். பெயர் ரொமி கோனோ. பத்தாண்டுகள் கழித்து, எந்த அரசு அவனை ஐயுற்று வேலிக்குள் வைத்ததோ அந்த நாட்டின் கொடியை ஹெல்சிங்கியில் ஏற்றுவித்தவனும் அவனே.

கோனோ குடும்பத்தார் வைக்கப்பட்ட இடம் வட கலிபோர்ணியாவிலுள்ள ரூலி லேக் என்பது. பெயரளவில் ஏரியாயினும் முகாம் அமைந்திருந்தது நீர் வடிக்கப்பட்ட வறண்ட ஏரிப்படுகையிலேயாம். சாக்கிரமென்ரோவின் ஈரக்காற்றில் மூச்சுமுட்டித் தவித்த சிறுவனுக்கு அவ்வறண்ட காற்று மருந்தாய் அமைந்தது விதியின் விந்தை எனலாம். அங்குச் சிறைப்பட்டிருந்த இளைஞர் சிலர் பார்பெல் கொண்டு உடற்பயிற்சி செய்துவந்தனர். அண்டைக் குடியிருப்பினரான அவர்களே கோனோவையும் அப்பயிற்சியில் ஈடுபடுத்தினர். அப்பொழுது அவனுக்கு வயது பதினான்கு. ஏறத்தாழ மூன்றரையாண்டு கழித்து வேலி திறக்கப்பட்டபோது நோயாளிச் சிறுவன் உறுதியான உடம்பினனாய் வெளியே வந்தான்.

கோனோவின் பிற்காலச் சாதனைகளை மதித்தறிவதற்கு, அக்காலப் பாரந்தூக்கற் போட்டியின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அந்நாளிற் போட்டி மூன்று வகைத் தூக்கல்களைக் கொண்டிருந்தது. முதலாவது பிரெஸ், பாரத்தைத் தோளளவுக்கு உயர்த்தி நிறுத்தி, முழங்கால்களை மடக்காது கைகளின் வலியாலேயே தலைக்கு மேல் ஏற்றுதல். இரண்டாவது ஸ்னாச், நிலத்திற் கிடக்கும் பாரத்தை இடையில் நிறுத்தாது ஒரே வீச்சில் தலைக்கு மேற் கொண்டுசெல்லுதல். மூன்றாவது கிளீன் அன்ட் ஜேர்க். முதலில் தோளுக்கும், பின்னர்க் கால்களின் உந்துவிசையையுந் துணைக்கொண்டு தலைக்கு மேலுமாக இருபடியில் ஏற்றுதல். ஒவ்வொரு வகைக்கும் மும்முறை முயலலாம். மூன்றிலும் தூக்கிய மிகக் கூடிய பாரங்களைக் கூட்டி வருவதே வீரனின் மொத்தம். மொத்தம் சமனாயின் உடல் எடை குறைந்தவனுக்கே வெற்றி. 1956 இல் மெல்பேணில் அமெரிக்கரான போல் அண்டர்சனும் ஆர்ஜென்ரீனரான உம்பேர்த்தோ செல்வெற்றியும் தலைக்கு 500 கிலோகிராம் தூக்கிச் சமனாக நின்றபொழுது, காய்ச்சலோடு போட்டியிட்ட அண்டர்சன் உடல் எடையிற் குறைந்திருந்தமையாலேயே தங்கப்பதக்கம் பெற்றார். அவ்வாறு குறைந்திருந்த எடையும் 137 கிலோகிராமுக்கு மேற்பட்டதே.

இவற்றுள் ஸ்னாச் என்பதைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறலாம். வலிமை என்பது யாது என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் அதிலேயே அடங்கியுள்ளது. பாரத்தைத் தன் தலைக்கு மேல் உயர்த்தும் வீரன் அதனைத் தன் முழு உயரத்துக்கும் இழுத்துச் செல்கின்றான் எனக் காண்போர் எண்ணுவர். உண்மை அதுவன்று. பாரம் மேனோக்கிச் செல்லும் வேகம் குன்றுவதற்கு முன், கண்ணிமைப்பொழுதில் வீரன் தானே அதன் கீழே இறங்கிவிடுகின்றான். கோனோ முதலியோர் முழுதாகக் குந்தி இறங்கினர்; வேறு பலர் ஒருகாலை முன்னும் மறுகாலைப் பின்னுமாக அகட்டி இறங்கினர். எவ்வகையாயினும், பாரம் மனிதனிடம் வருவதினும் மனிதன் பாரத்தின் கீழ்ச் செல்வதே பெரிது. ஆகவே இங்கு வேண்டப்படுவது தசையின் பருமன் மாத்திரமன்று. பற்பல தசைகளையும் ஒரே கணத்தில் ஏவும் நரம்பின் ஒழுங்கும், மூட்டுக்களின் நெகிழ்ச்சியும், அஞ்சாமையுமாம்.

இது இன்று எளிதாகக் கூறப்படினும், அக்காலத்து உடற்கல்வியறிஞர் பலர் இதற்கு நேர்மாறாகவே கருதினர். பாரந்தூக்குவோரின் தசைகள் இறுகிக் கட்டுண்டு, கையைப் பின்புறம் வளைத்து முதுகைச் சொறியவும் முடியாத நிலை அடையும் என்பது அவர்தம் கொள்கை. மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியிற் கற்பித்த பேராசிரியர் பீற்றர் கார்ப்போவிச்சும் இக்கொள்கையினரே. 1940 இல் யோர்க் நகரத்துப் பார்பெல் உற்பத்தியாளரும் பயிற்றுநருமான பொப் ஹொவ்மன், யோன் கிறிமெக், யோன் டேவிஸ் என்னும் இருவரை அக்கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். முதுகைச் சொறியவியலுமா எனக் கார்ப்போவிச் கேட்க, கிறிமெக் தயக்கமின்றிச் சொறிந்து காட்டியதோடு, கால்களை இருபுறமும் நீட்டி நிலத்தோடமர்ந்தும் காட்டினார். டேவிஸோ கைக்கொன்றாக 50 இறாத்தல் எடைகளைப் பற்றியவாறே பின்புறமாகக் குட்டிக்கரணம் இட்டார். கார்ப்போவிச் உண்மையான அறிஞர். கண்டதை மறுக்காது ஆராயப் புகுந்தார். அவரும் சொர்பாஸ் என்பாரும் 600 பேரைக் கொண்டு செய்து 1951 இல் வெளியிட்ட ஆய்வு, பாரந்தூக்குவோரின் கைகள் ஏனையோர் கைகளினும் விரைந்தியங்குவதைக் காட்டியது. பழைய கொள்கைக்கு அது பேரிடியாயிற்று.

அன்று குட்டிக்கரணமிட்ட யோன் டேவிஸ் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியைச் சேர்ந்த கறுப்பினத்தவர். 1938 இல் வியன்னாவில் நிகழ்ந்த உலகப் போட்டியிற் பதினேழு வயதிலேயே வெற்றிபெற்ற இவரைப் பதினைந்தாண்டு காலம் எவராலும் வெல்ல முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளை விழுங்காதிருந்தால் இவர் பெற்ற தங்கங்கள் இரண்டோடு நின்றிரா. 1948 இல் இலண்டனிலும் 1952 இல் ஹெல்சிங்கியிலும் பாரமிகு பிரிவிலே தங்கம் வென்றார். 1951 இல் 400 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைக் கிளீன் அன்ட் ஜேர்க் முறையில் உயர்த்திய முதல் மனிதர் எனும் பெயரையும் பெற்றார். 1953 இல் ஸ்ரொக்ஹோமில் அவரை வென்ற கனடியர் டக் ஹெப்பேண், பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆஸ்துமா நோயாளி, தன்னாட்டிலே இரண்டாந்தரக் குடியாகக் கணிக்கப்பட்ட கறுப்பினத்தவர், பாதம் வளைந்தவர் ஆகியோர் இவ்விளையாட்டில் உச்சத்தை அடைந்தது தற்செயலானதன்று. குழு விளையாட்டுக்களில் ஆளைத் தெரிவோர் விருப்பு வெறுப்புப் புகுவதற்கு இடமுண்டு. 117.5 கிலோகிராம் தலைக்கு மேல் ஏறியதா, இல்லையா என்பதில் நிறத்துக்கும் குலத்துக்கும் வேலையில்லை. மேலும் ஒரு தண்டும் சில தட்டுக்களும் இருப்பின் முகாமிலுங்கூடப் பயிலலாம். ஆயினும் நடுவர் கண்ணுக்கு இடமே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. 1948 இல் இலண்டனில் அமெரிக்கரான ஸ்ரான்லி ஸ்ரான்சிக் உலக சாதனைக்குரிய ஸ்னாச் ஒன்றை நிறைவேற்றியதாக நடுவர் ஏற்றுக்கொண்டபோது, தம் முழங்கால் நிலத்திற் பட்டதெனத் தாமே கூறி அச்சாதனையை மறுத்தார். பிரெஸ் முறையோ நடுவர்க்குப் பெருந்தொல்லையாய் முடிந்தது. வீரர்கள் முதுகைப் பின்னே வளைத்து மார்பின் வலியையும் சேர்த்துத் தூக்கலாயினர்; எவ்வளவு வளைவு குற்றமாகும் என்பதில் நடுவர் ஒருமைப்படவில்லை. 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கோடு பிரெஸ் கைவிடப்பட்டது.

இனிக் கோனோவின் வரலாற்றைத் தொடர்வோம். 1950 இல் அவர் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டார். கொரியப் போர் நடந்த காலம் அது. ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதியுடையவர் என்பதைப் படைத்துறையினர் அறிந்து பயிற்சிக்கு இடமளித்தனர். 1952 இல் ஹெல்சிங்கியிலே 67.5 கிலோகிராம் பிரிவிற் போட்டியிட்ட அவர், பிரெஸ் 105, ஸ்னாச் 117.5, கிளீன் அன்ட் ஜேர்க் 140 என மொத்தம் 362.5 கிலோகிராம் தூக்கித் தங்கம் வென்றார். அந்த 117.5 அப்பிரிவின் உலக சாதனை. இரண்டாமவரான சோவியத் வீரர் லொப்பாற்றின் 12.5 கிலோகிராம் பின்தங்கினார்.

அடுத்த நான்காண்டில் நிகழ்ந்ததே பெருவியப்பு. 1953 இல் 75 கிலோகிராம் பிரிவிலும், 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 82.5 கிலோகிராம் பிரிவிலும் கோனோ உலக வீரரானார். எதிரணியான சோவியத் வீரர்களை வெல்வதற்கு அமெரிக்கக் குழுவுக்கு எப்பிரிவில் ஆள் தேவையோ அப்பிரிவுக்கு ஏற்பத் தம் உடலையே அவர் மாற்றிக்கொண்டார். எடை கூட்டவேண்டின் நாளொன்றுக்கு ஆறேழு வேளை உண்பார். குறைக்கவேண்டின் மூன்று வேளையோடு நிறுத்துவார். கேட்பதற்கு எளிது. ஆனால் எடை குறையும்போது வலிமையும் குறைவது பலர்க்கும் இயல்பு, கோனோவுக்கு அவ்வாறாகவில்லை. 1956 இல் மெல்பேணில் 82.5 கிலோகிராம் பிரிவில் 140, 132.5, 175 என மொத்தம் 447.5 கிலோகிராம் தூக்கி உலக சாதனையோடு இரண்டாவது தங்கம் பெற்றார். மூன்றாவது ஒலிம்பிக்கான 1960 ஆம் ஆண்டு உரோமாபுரிப் போட்டியில் மீண்டும் 75 கிலோகிராம் பிரிவுக்கு இறங்கினார்; சோவியத் வீரர் குறினோவ் 437.5 கிலோகிராம் தூக்கி முதலிடங்கொள்ள, 427.5 தூக்கிய கோனோ வெள்ளியோடு அமைந்தார். 1952 முதல் 1959 வரை ஆண்டுதோறும் ஒலிம்பிக் அல்லது உலகப் பட்டம் அவரிடமே இருந்தது. நான்கு வெவ்வேறு எடைப் பிரிவுகளில் உலக சாதனை நிலைநாட்டியவர் அவர்.

இக்காலத்திற் பாரந்தூக்கலும் உடலழகுக் கலையும் ஒருவீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தன. ஸ்பிறிங்பீல்டில் முதுகு சொறிந்து காட்டிய கிறிமெக் 1936 இற் பேர்லின் ஒலிம்பிக்கில் பாரந்தூக்கியவர். அவரே 1948 இல் இலண்டனில் ஸ்ரீவ் றீவ்சைத் தோற்கடித்து மிஸ்ரர் யூனிவேர்ஸ் பட்டம் பெற்றார். றீவ்ஸ் பின்னர் ஹெர்குலிஸ் வேடந்தாங்கித் திரைப்படவுலகிற் புகழ்பெற்றதைப் பலரும் அறிவர். கோனோவும் 1955, 1957, 1961 ஆம் ஆண்டுகளில் உலகப் பாரந்தூக்கற் சம்மேளனம் நடத்திய மிஸ்ரர் யூனிவேர்ஸ் போட்டியில் வென்றார். வியன்னாவில் நடந்த 1961 ஆம் ஆண்டுப் போட்டியைக் கண்ட ஓர் ஒஸ்திரியச் சிறுவன் கோனோவின் படத்தைத் தன் அறைச்சுவரில் ஒட்டிவைத்தான். அவனே ஆர்னல்ட் சுவார்செனேகர். பிற்காலத்தில் இவ்விரு துறைகளும் பிரிந்தமைக்கு ஒரு காரணம், ஒன்று எண்ணாலும் மற்றொன்று கண்ணாலும் அளக்கப்படுவதேயாம். ஒன்றிற் சிறந்தவன் மற்றொன்றிலுஞ் சிறத்தல் இன்று அரிதினும் அரிது.

உடலழகுக் கலையில் ஆசியாவின் பெயரை முதலில் நாட்டியோர் வங்காளத்தவர் இருவர். 1951 இல் இலண்டன் மிஸ்ரர் யூனிவேர்ஸ் போட்டியிலே மொனொதோஷ் ராய் தம் பிரிவில் வென்றார். மறுவருடம் குறுகிய உயரத்தார் பிரிவில் வென்றவர் மனோகர் ஐச். உயரம் நாலடி பதினொரு அங்குலமே. பிரித்தானிய விமானப்படையிற் பணியாற்றிய இவர், குடியேற்ற ஆட்சியை எதிர்த்து மேலதிகாரி ஒருவர்மீது கைநீட்டியமைக்காகச் சிறையிலிடப்பட்டார். பாரப்பயிற்சியில் முழுமூச்சாய் இறங்கியது அச்சிறையிலேதான். நாளிற் பன்னிரண்டு மணித்தியாலம் வரை பயின்றதுண்டு. உழைப்பைக் கண்ட சிறையதிகாரிகளே அவருக்குச் சிறப்புணவு அளித்தனர். இந்திய விடுதலையை ஒட்டி வெளிவந்த அவர், முதன்முறை இலண்டன் போட்டியில் இரண்டாமிடமே பெற்றார். ஊர் திரும்பாது அங்கேயே புகையிரதத் துறையில் வேலைசெய்து தங்கி, அடுத்த வருடம் வென்ற பின்னரே திரும்பினார். கோனோவை அறியாத ஐச்சும், ஐச்சை அறியாத கோனோவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உலகின் இருமுனைகளில் வேலிக்குள் இருந்து ஒரே கருவியைக் கையிலெடுத்தனர்.

போட்டியினின்றும் ஓய்ந்த பின் கோனோ ஹவாயில் வாழ்ந்து, 1968 இல் மெக்சிக்கோவுக்கும், 1972 இல் மேற்கு யேர்மனிக்கும், 1976 இல் தம் நாட்டுக்கும் ஒலிம்பிக் பயிற்றுநராய்க் கடமையாற்றினார். முழங்காலுக்கு வெப்பந்தரும் இறப்பர்க் கவசத்தைப் பாரந்தூக்குவோரிடையே வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே. தடுப்பு முகாம்களுக்காக அமெரிக்க அரசு 1988 இலேயே சட்டவாயிலாக மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்க முடிவுசெய்தது. அப்பொழுது ஹெல்சிங்கி வெற்றிக்கு முப்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. 2016 ஏப்ரல் 24 இல் கோனோ தமது எண்பத்தைந்தாம் வயதில் ஹொனலூலுவில் மறைந்தார். ஆறு கிழமைகள் கழித்து, யூன் 5 ஆந் திகதி, மனோகர் ஐச்சும் நூற்றுநான்கு வயதிற் காலமானார்.