பட்டத்தாள் விற்பதிலும் நிறுவை உண்டு



தைப்பொங்கல் நெருங்கினால் வவுனியாவில் எமது கடையில் டிஷு பேப்பருக்குக் கேள்வி கூடும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைக் கண்ட பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பட்டத்துக்கு மட்டுமல்ல, பாடசாலை மண்டபத்துக்குள் பறக்கவிடும் சின்ன விமானத்துக்கும் தாள் கேட்டு வருகின்றார்கள்.

"நானா, பிளேனுக்கு ஒட்டுற பேப்பர் இருக்கா?"

நம்மில் சிலர் இலாபம் கூடிய பளபளக்கும் பரிசுத் தாளை எடுத்துக் கொடுத்துவிடுகின்றோம். பட்டத்தைக் காற்று தூக்கும். மண்டபத்துக்குள் காற்று ஏது? அங்கே பாரம் கூடிய விமானம் மிதக்க வேண்டுமானால் வேகமாகப் பறக்க வேண்டும். வேகமாகப் பறந்தால் சுவரில் மோதும். உலகப் போட்டிகளில் பறக்கும் உள்ளரங்க விமானம், ரப்பரைத் தவிர்த்தால், ஒன்றரைக் கிராம் அளவுதான். அதன் இறக்கைக்கு ஒரு மைக்ரோனிலும் மெல்லிய படலத்தையே ஒட்டுகின்றார்கள்.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. போட்டோகொப்பித் தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம். நல்ல டிஷு 20 கிராமை அண்டியது. நிறுத்துப் பார்ப்பதும் இலகு. 50 சென்ரிமீற்றருக்கு 75 அளவுள்ள பத்துத் தாள்களைத் தராசில் வையுங்கள். 75 கிராம் காட்டினால் அது 20 கிராம் தாள்.

பொலித்தீன் எப்படி? 20 மைக்ரோன் பொலித்தீனும் சதுர மீற்றருக்கு 18 கிராம் வரும். ஆனால் சாதாரண பசை அதில் பிடிக்காது, இழுத்தால் தொய்யும். 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன. அதைவிடத் தடித்தது பாரம். டிஷுவோ, ஒட்டியபின் நீரைச் சாடையாகத் தெளித்தால் காய்ந்து இறுகும். நீர் கூடினால் ஈர்க்குச் சட்டம் வளைந்துவிடும். இதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பொங்கலுக்கு மிஞ்சிய தாள் வெசாக் கூட்டுக்கு விலைப்படும். மடிக்காமல், ஈரம் படாமல் வைத்தால் நட்டமில்லை.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபியவர்கள் (ஸல்) கண்டித்தார்கள். பறக்காத தாளைப் பறக்கும் என்று கொடுப்பதும் அந்த வகைதான். இரண்டு தாள் வாங்க வரும் பிள்ளைதான் நாளைய வாடிக்கையாளர். பொருளின் தன்மையைச் சொல்லி விற்போம்; அல்லாஹ் பரக்கத் செய்வான்.