மழை மண்ணுக்குள் இறங்கட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் ஓடைகளையும் கிணறுகளையும் நம்பி நிற்கின்றன. இது மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் கேரளப் பக்கமே கொட்டிவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே ஆண்டின் நீர்வரத்தைத் தீர்மானிக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும் மழை அடித்துப் பெய்கிறது. பெய்யாத நாட்களில் அதே வெப்பம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட, அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்பதே இந்தத் தோப்புகளின் கேள்வி.

மூடாக்கு இல்லாத தரையில் விழும் கனத்த மழைத்துளி மண்கட்டிகளை உடைக்கிறது. சிதறிய நுண்துகள்கள் துளைகளை அடைத்து மேலே பொருக்காகப் படிய, நீர் சரிவில் ஓடி மேல்மண்ணையும் அள்ளிச் செல்கிறது. மண்வள மீட்பு வேளாண்மை முதலில் தடுப்பது இதைத்தான். மூடாக்காகப் பரப்பிய ஓலையும் சருகும் துளியின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. அடியில் மண்புழுவும் வேரும் நீருக்கு வழி திறக்கின்றன. தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கிப் புதைத்தால், அது தன் எடையைப்போல் 3 முதல் 5 மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். பருவமழைத் தொடக்கத்தில் பசுந்தாள் உரமாகச் சணப்பையோ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஓலையைக் கொளுத்துவது, வரப்போகும் கோடையின் ஈரத்தைக் கொளுத்துவதுதான்.

மண்ணின் கரிமச்சத்து கூடுவதால் சேரும் நீர் அற்பம் என்ற மறுப்பு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மண் அறிவியலாளர்கள் மினாஸ்னி, மெக்பிராட்னி ஆகியோரின் 2018 ஆய்வுப்படி, கரிமம் ஒரு சதவீதம் கூடினால் 100 மில்லிமீட்டர் மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக 1.16 மில்லிமீட்டரே கூடும். ஆனால் அந்தக் கணக்கு மண் பிடித்துவைக்கும் கொள்ளளவைச் சொல்வது. ஓடிப்போகாமல் உள்ளே இறங்கிய மழையும், மூடாக்கால் ஆவியாகாமல் மிஞ்சிய ஈரமும் அதில் வராது. சரிவு நிலத்துக்குப் பெரிய ஆதாயம் இவ்விரண்டில்தான் இருக்கிறது. ரசாயன உரத்தைக் குறைத்தால் விளைச்சல் விழும் என்ற அச்சத்துக்கு இலங்கையைக் காட்டுகிறார்கள். அங்கே 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி, நவம்பரில் பின்வாங்க நேர்ந்தது. அது அவசரத்தின் தோல்வி. மண் மாறப் பருவங்கள் பல பிடிக்கும். கடனில் இருக்கும் சிறு விவசாயியால் அத்தனை காலம் தனியே தாங்க முடியாது. உரத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். மூடாக்கை இந்தப் பருவத்திலேயே போடலாம். மட்டையை விற்றால் கையில் காசு வரும் என்பதால், அதைத் தோப்பிலேயே புதைப்பவருக்கு அந்த இழப்பை ஈடுசெய்யும் மானியம் வேண்டும். பசுந்தாள் உர விதைக்கு உதவும் அரசு, மட்டைக்கும் உதவுவது நியாயமே.