ஸ்கேன் செய்ய எந்தக் கலர் பிலிம்?

பரணில் கிடந்த கேமராவைப் பேரப்பிள்ளைகள் துடைத்து எடுத்துக்கொண்டு, "தாத்தா, எந்த பிலிம் வாங்கலாம்?" என்று கேட்பது நம் சங்கத்து வீடுகள் சிலவற்றில் இப்போது நடக்கிறது. ரயில்வேயில் பாலப் பணிகளைப் படமெடுத்துக் கோப்பில் சேர்த்த பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே நண்பர்கள் அந்தக் கேள்வியை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

உதகையில் 1960-ல் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு-வெள்ளைச் சுருளை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. கலர் பிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, விலையும் அதிகம். ஆகவே 36 படங்களில் ஒன்றும் வீணாகக் கூடாது.

ஸ்கேன் செய்வதற்கு விலையுயர்ந்த பிலிம் தேவையில்லை. பகல் வெளிச்சத்துக்குக் கோடாக் கலர்பிளஸ் 200 அல்லது கோல்டு 200 போதும். எக்டார் 100-ல் மணிகள் மிக நுண்மையானவை. ஆனால் விலை கூடுதல், ஒளி அளவும் துல்லியமாக அமைய வேண்டும். கல்யாண மண்டபத்துக்குள் எடுப்பதானால் 400 வேகம் வாங்குங்கள்.

பிலிமின் விலையைவிட முக்கியமானது ஒளி. கலர் நெகடிவ் அதிக ஒளியைத் தாங்கும். குறைந்த ஒளியைத் தாங்காது. நிழலில் பதியாத முகத்தை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது. அங்கே வெறும் புள்ளிகள்தான் தெரியும். சந்தேகமிருந்தால் 200 பிலிமுக்கு மீட்டரை 100-ல் வையுங்கள்.

அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், 36 மி.மீ. நீளப் படத்தில் சுமார் 3400 புள்ளிகள் கிடைக்கும். பெரிய அளவில் பிரிண்ட் போட அது தாராளம்.

மலிவு என்று ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, காலாவதியான சுருள். வெப்பத்தில் கிடந்திருந்தால் நிறம் மங்கியிருக்கும். மற்றொன்று, சினிமா பிலிமை வெட்டிச் சுற்றிய சுருள். அதன் பின்புறம் கரும்பூச்சு இருந்தால் சாதாரண லேபில் கழுவ இயலாது. கடைக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி இருந்தால், கலர் நெகடிவுக்கு நன்றாக உதவும். பழைய கறுப்பு-வெள்ளை நெகடிவுக்கு அதை அணைத்துவிடுங்கள். அதிலுள்ள வெள்ளி அக்கதிரை மறைப்பதால், படமே தூசி என்று கணக்காகிவிடும்.

திருவனந்தபுரத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் தங்கினால் பூஞ்சை ஜெலட்டினைத் தின்னும். பிரிக்காத சுருளைக் குளிர்பெட்டியில் வைத்து, சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, குளிர் தணிந்தபின் உறையைப் பிரியுங்கள். எடுத்து முடித்ததும் தாமதமின்றிக் கழுவக் கொடுங்கள். விமான நிலையத்தில் கழுவாத சுருளைக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்கேன் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு நெகடிவைத் தராத லேபுகள் உண்டு. மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கணினி மாறும், கோப்பு தொலையும். ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பாட்டியின் முகமும் பூர்வீக வீட்டு வாசலும் மறுபடி எடுக்க முடியாத படங்கள். ஈரம் படாத உறையில் நெகடிவ் பத்திரமாக இருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக ஸ்கேன் செய்யலாம்.